பழைய 303 துவக்கு, பிரிட்டிஷ் இராணுவத்தின் லீ என்ஃபீல்ட், உங்கள் கைக்கு வந்த கதை உண்டா?

உவர்மலையான்:
முழுத் துவக்கு இல்லை, தோளில் வைக்கும் பின்மரமான சோங்கு மட்டும்தான். எங்கள் குசினியில் விறகுக்குப் பின்னால் கிடந்தது. 1957இல் வெள்ளைக்காரன் திருமலைக் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை அம்மப்பா டொக்யார்ட்டில் வேலை செய்தவர். அங்கேயிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

சோங்கின் அடியில் பித்தளைத் தகடு, அதில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு குட்டிக் கதவு. நகத்தால் நெம்பினால் உள்ளே எண்ணெய்க் குப்பியும் குழல் துடைக்கிற கயிறும். குப்பியை மோந்து பார்த்தால் அத்தனை வருஷத்துக்குப் பிறகும் மணந்தது.

1990இல் சுற்றிவளைப்பு வரப்போகிறது என்று கதை பரவிய இரவு, அம்மா அதைத் தூக்கி அடுப்பில் வைத்தார். "இரும்பே இல்லையே அம்மா" என்றேன். "அதை நீ ஆமிக்காரனுக்குச் சொல்லு" என்றார். எண்ணெய் ஊறிய மரம், நீலமாக எரிந்தது. தகடு கிணற்றுக்குள் போனது. எனக்கு அப்போது 11 வயது.

ஸ்காபரோ மாமா:
தம்பி, நான் காசு கொடுத்து வாங்கியதை நானே கெடுத்தேன். லோங் பிராஞ்ச் தொழிற்சாலையின் நம்பர் 4 (303இன் பிந்திய வகை), ரொறன்ரோவின் மேற்குக் கரையில் போர்க்காலத்தில் 9 லட்சத்துக்கு மேல் செய்தார்களே, அதில் ஒன்று. முன்பு வைத்திருந்தவர் மான் வேட்டைக்கென்று முன்மரத்தைப் பாதியில் அறுத்திருந்தார். இங்கே இதை ஸ்போர்ட்டர் என்பார்கள், பாதி விலைக்குக் கிடைக்கும். வேறு முன்மரம் தேடிப் பூட்டினேன். அதோடு நின்றிருக்கலாம். சோங்கு கறுத்துக் கிடக்கிறதே என்று சாண்ட்பேப்பர் எடுத்தேன். யாரோ ஒரு பெடியன் கத்தி முனையால் கீறிய இரண்டு எழுத்து, ஜே, பக்கத்தில் டபிள்யூ. இருப்பதைக் கண்டபோது பாதி தூளாகியிருந்தது. இப்போது விரலால் தடவினால்கூடத் தட்டுப்படாது.

மூதூர் வாத்தி:
நான் பள்ளிக்கூடக் கடேற். முதல் வெடியில் சோங்கைத் தோளோடு இறுக்கவில்லை, ஒரு கிழமை சட்டை போட முடியவில்லை. என் கதை அவ்வளவுதான்.

உவர்மலையான், டொக்யார்ட் என்றதும் எல்லாரும் 1942 ஏப்ரல் 9, ஜப்பான்காரன் குண்டு போட்ட நாள் என்று கதை கட்டத் தொடங்குவார்கள். நீங்கள் கட்டவில்லை, நன்றி. ஆனால் அது எந்த வகை என்று சொல்லவே இல்லையே? பித்தளைத் தகடு நம்பர் 4இலும் உண்டு. சோங்கின் வலப் பக்கத்தில் வட்டமாகப் பித்தளைச் சில்லு பதித்திருந்தால் பழைய நம்பர் 1.

மாமாவுக்கு: மரத்தில் சாண்ட்பேப்பர் வைக்கவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து, லின்சீட் எண்ணெயைக் கையால் தேய்த்து ஊறவிட வேண்டும், பல நாள். பொல்ட் (ரவையைத் தள்ளிப் பூட்டும் தண்டு) கைப்பிடியில் உள்ள இலக்கமும் உடம்பில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பார்த்தீர்களா? இல்லையென்றால் பொல்ட் சரியாகப் பொருந்துகிறதா என்று சுடுவதற்கு முன் தெரிந்தவரிடம் கொடுத்து அளந்து பாருங்கள். நம்பர் 4 பொல்ட் தலை 0 முதல் 3 வரை நான்கு அளவில் வரும், கண்டதைப் பூட்டக் கூடாது. பழைய இராணுவ ரவை சுட்டால் அன்றே குழலைச் சுடுநீரால் கழுவுங்கள், அதன் தொப்பி மருந்து எரிந்தால் குழலில் உப்புப் படியும், எண்ணெய் மட்டும் போட்டால் துரு பிடிக்கும். அப்புறம், இங்கே இருக்கிற பெடியளுக்கு: கனடாவைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். இலங்கையில் 1916ஆம் ஆண்டுத் துவக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது, லைசன்ஸ் இல்லாமல் ஒன்றும் கிடையாது.

ஸ்காபரோ மாமா:
வாத்தியார், சுடுகிற எண்ணமே இல்லை. நான் கேட்டது அந்த எழுத்தைப் பற்றி.

மூதூர் வாத்தி:
நீங்கள் ஒன்றும் கேட்கவில்லையே.

உவர்மலையான்:
சில்லு இருந்ததா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன், ஞாபகம் வரவில்லை. தகடு மட்டும் போன வருஷம் கிணறு இறைத்தபோது சேற்றோடு வந்தது. குட்டிக் கதவு இப்போதும் திறக்கிறது. அம்மாவிடம் காட்டினேன். 78 வயது. கையில் வாங்கவில்லை. "படலையைச் சாத்திவிட்டு வந்து காட்டு" என்றார்.