எட்டு மாதம் கழித்தும் பாசிட்டிவ் காட்டிய எலிக்காய்ச்சல் சோதனை

வியாசர்பாடி உறுப்பினர்:

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எங்கள் தெருவில் வடியாமல் நின்ற நாட்களில், காலில் செருப்புக் கடித்த புண்ணோடு என் கணவர் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீரில்தான் போய் வந்தார். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. கண்கள் சிவந்தன, கெண்டைக்காலைத் தொடவே விடவில்லை. கிருமியை எதிர்த்து உடல் முதலில் உருவாக்கும் ஐஜிஎம் என்ற ஆன்டிபாடியைத் தேடும் எலிசா ரத்தச் சோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்து, டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் குணமானார்.

மறு ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தபோது, இரண்டாம் நாளே பக்கத்திலிருந்த சிறிய மருத்துவமனையில் அதே சோதனையை எடுத்தார்கள், பாசிட்டிவ். மறுபடியும் எலிக்காய்ச்சல்தான் என்று முடிவு கட்டி, மாத்திரையோடு வலி ஊசியும் போட்டு அனுப்பினார்கள். முன்பு வந்த நோயைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மறுநாள் அரசு மருத்துவமனைக்குப் போனபோது, ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்த, ஓரம் பழுப்பேறிய டிசம்பர் ரிப்போர்ட்டைக் காட்டினேன். பணியிலிருந்த இளம் மருத்துவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இரண்டாம் நாளில் புதிதாக ஐஜிஎம் தெரிவது அரிதம்மா, அதற்கு ஐந்து முதல் ஏழு நாள் ஆகும், இது பழையதாக இருக்கலாம்" என்றார். டெங்குவுக்கான என்எஸ்1 சோதனை பாசிட்டிவாக வந்தது, ரத்தத் தட்டணுக்கள் 62,000 ஆகக் குறைந்திருந்தன. டெங்குவில் ரத்தக்கசிவை அதிகப்படுத்தக்கூடிய அந்த வலி ஊசியை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

தண்டையார்பேட்டை உறுப்பினர்:

ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன், சகோதரி. ஐஜிஎம் ஆன்டிபாடி சில வாரங்களில் மறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எலிக்காய்ச்சலில் அது மாதக்கணக்கில், சிலரிடம் ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும். லெப்டோஸ்பைரா என்னும் உயிருள்ள எலிக்காய்ச்சல் கிருமிகளோடு நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைக் கலந்து, இருட்புல நுண்ணோக்கியில் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதைப் பார்க்கும் மேட் சோதனையிலும் பழைய ஆன்டிபாடி அளவு ஆண்டுக்கணக்கில் தெரியும். ஆகவே ஒரே மாதிரியைக் கொண்டு தீர்ப்புச் சொல்லாமல், பத்துப் பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டாம் மாதிரியும் எடுத்து, அளவு நான்கு மடங்கு உயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் வாரத்திலேயே தெரிய வேண்டுமானால் ரத்தத்தில் பிசிஆர் சோதனை; அது ஆன்டிபாடியைத் தேடுவதில்லை, கிருமியின் மரபணுவையே தேடுகிறது.

கொடுங்கையூர் உறுப்பினர்:

எங்கள் வீட்டில் நடந்தது நேர்மாறானது. கழிவுநீர்க் கால்வாய் வேலைக்குப் போகும் என் தம்பிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் எலிக்காய்ச்சல் வந்திருந்ததால், இந்த முறை வந்த பாசிட்டிவைப் பழைய எச்சம் என்று ஒரு தனியார் மருத்துவர் தள்ளிவிட்டார். நான்கு நாளில் கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்து, இரண்டு முறை டயாலிசிஸ் செய்ய நேர்ந்தது. முதல் மாதிரியில் மேட் அளவு 1:100, பன்னிரண்டாம் நாள் 1:1600, அதாவது பதினாறு மடங்கு. இந்தக் கிருமியில் 250க்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதாகவும், ஒன்றுக்கு உண்டான எதிர்ப்பாற்றல் மற்றொன்றைத் தடுக்கும் என்று நம்ப முடியாது என்றும் பிறகுதான் விளக்கினார்கள். இப்போது அவன் இரண்டு ரிப்போர்ட்டையும் தேதி தெரியும்படி படமெடுத்துக் கைபேசியில் வைத்திருக்கிறான். காய்ச்சல் என்றால் வாயைத் திறக்கும் முன்பே அதைத்தான் நீட்டுகிறான்.