பழைய கார் இரும்புக் கோட்டையா?

கார்புரேட்டர் பிரியன்:
இப்போது வரும் கார்களை விரலால் அழுத்தினாலே தகரம் உள்ளே போகிறது. அந்தக் காலத்து வண்டியில் பம்பரே கனத்த இரும்பு. மோதினால் எது தாங்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஏர்பேக்:
மோதவிட்டே பார்த்துவிட்டார்கள். 2009இல் அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான ஐஐஎச்எஸ், 1959 செவ்ரோலே பெல் ஏரையும் 2009 செவ்ரோலே மாலிபுவையும் தலா 64 கி.மீ. வேகத்தில் ஓட்டுநர் பக்கமாக நேருக்கு நேர் மோதவிட்டது. பெல் ஏரில் ஓட்டுநர் உட்காரும் இடமே நசுங்கிப்போனது, ஸ்டியரிங், ஓட்டுநருக்குப் பதிலாக வைத்திருந்த சோதனைப் பொம்மைமேல் பாய்ந்தது. நிஜ ஆளாக இருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுக்காரருக்குக் காலில் அடிபட்டிருக்கும், அவ்வளவுதான்.

கார்புரேட்டர் பிரியன்:
அந்த வீடியோவா! அந்த மாடலின் சேஸி, அதாவது அடிச்சட்டம், எக்ஸ் வடிவம், பக்கவாட்டில் தாங்கச் சட்டமே கிடையாது. இஞ்சினைக் கழற்றிவிட்டு மோதியதாகவும் சொல்கிறார்கள்.

ஏர்பேக்:
இஞ்சின் இருந்தது, 3.9 லிட்டர், ஆறு சிலிண்டர். சேஸி பலவீனம் என்பது சரி. ஆனால் இரும்பு நசுங்கவே இல்லை என்றால் அந்த வேகம் எங்கே போகும்? வண்டி சட்டென்று நின்றுவிடும், உள்ளே இருக்கிற நீங்கள் அதே வேகத்தில் போய் ஸ்டியரிங்கில் மோதுவீர்கள். முன்பக்கம் நசுங்கும் அந்தக் கண நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கிற அவகாசம். வேடிக்கை என்னவென்றால், நசுங்கும் முன்பக்கத்தோடு மெர்சிடிஸும், தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்று முனை சீட் பெல்ட்டோடு வால்வோவும் வந்தது அதே 1959இல்தான்.

ஸ்பானர்:
விபத்தை விடுங்கள், நடுவழியில் நின்றால் என்ன செய்வீர்கள்? பழைய வண்டியில் இஞ்சினில் பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே போதும், கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்துக் கிடந்தால் காற்று அதிகம். அந்தப் பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட்டை உப்புத்தாளில் தேய்த்துவிட்டுக் கிளம்பலாம். இன்று சில வண்டிகளில் புதுப் பாகத்தை மாட்டிய பிறகும் கம்ப்யூட்டரில் பதிவு செய்தால்தான் வேலை செய்யும்.

ஏர்பேக்:
தேய்க்க எளிது சரி, அடிக்கடி தேய்க்க வேண்டியிருந்ததை ஏன் சொல்வதில்லை? இப்போது பாயிண்ட்டே கிடையாது, காலையில் குளிர்ந்த இஞ்சினைக் கிளப்ப சோக் இழுத்துக் கெஞ்ச வேண்டியதும் இல்லை.

கார்புரேட்டர் பிரியன்:
பதிலுக்கு ஏசியைக் கூட்டக்கூட ரோட்டிலிருந்து கண்ணை எடுத்துத் திரையில் தேடுகிறீர்கள். முன் கண்ணாடி ஓரத்துத் தூண் இருக்கிற தடிமனுக்கு, திருப்பத்தில் ஓர் ஆளே மறைந்துவிடுகிறார்.

ஏர்பேக்:
உருண்டால் கூரை உங்கள் தலையில் இறங்காமல் இருப்பது அந்தத் தடிமனால்தான். திரை விஷயத்தில் உங்கள் பக்கம் வருகிறேன், குமிழ் போல வராது.

கார்புரேட்டர் பிரியன்:
நான் கட்சி மாறப்போவதில்லை. ஆனால் என் வண்டியில் பெல்ட்டே இல்லை. முன்கதவுக்குப் பின்னால் இருக்கிற தூணில் துளை போட்டு மூன்று முனை பெல்ட் மாட்டலாமா?

ஸ்பானர்:
வெறும் தகரத்தில் போல்ட் போட்டால் இழுக்கிற இழுப்பில் பிய்த்துக்கொண்டு வரும். பின்னால் கனத்த தகடு வைக்க வேண்டும், அதற்கு முன் பெல்ட்டின் கீழ்முனை மாட்டுகிற வண்டித் தரையில் துரு இருக்கிறதா என்று கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள்.