சர்வே, வேரியபிள், ஸ்கேல்: ஃபீல்டுல உங்களுக்கு நடந்தத சொல்லுங்க (வடசென்னை மக்கள் ஸ்பெஷல்)

காசிமேட்டுப் பொண்ணு:
எம்எஸ்டபிள்யூ (சோசியல் ஒர்க் படிப்பு) ப்ராஜெக்டுக்காக காசிமேடு பக்கம் வீடு வீடா போய்ட்டு இருக்கேன். க்ளாஸ்ல நாமினல் (வெறும் பேரு), ஆர்டினல் (வரிசை மட்டும்), இன்டர்வெல் (இடைவெளி சமம், ஆனா நிஜ பூஜ்யம் இல்ல), ரேஷியோ (நிஜ பூஜ்யமும் உண்டு)ன்னு அளவுகோல் நாலு வகையையும் மனப்பாடம் பண்ணி எழுதிட்டோம், ஆனா ஆளுங்க எதிர்ல ஃபார்மோட உக்காந்தாதான் அது என்ன பண்ணும்னே தெரியுது. மீன் விக்கிற அக்கா ஒருத்தங்கள மாச வருமானம் எவ்ளோக்கான்னு கேட்டா, "இன்னாமா, எந்த மாசத்த கேக்குற? தடைக்காலத்தயா, வஞ்சிரம் நல்லா வர்ற மாசத்தயா?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. நியாயம்தானே, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்கே போகாது. எங்க டிபார்ட்மெண்ட் ஃபார்ம்ல வேற "10,000க்கு கீழ", "10,000 - 20,000"ன்னு கட்டம் போட்டு வச்சிருக்காங்க, 11,000 வர்றவங்களுக்கும் 19,000 வர்றவங்களுக்கும் ஒரே டிக். ரேஷியோவா வர வேண்டிய டேட்டா அங்கயே ஆர்டினலா சுருங்கிடுது. ரூபாவா வாங்கினா பின்னாடி நாமளே கட்டம் பிரிச்சுக்கலாம், கட்டமா வாங்கினத ரூபாவா மாத்த எந்த சாப்ட்வேராலயும் முடியாது. உங்க கதையும் போடுங்க.

நைட் டூட்டி:
கவர்மெண்ட் ஆஸ்பத்திரில நர்ஸ் நான். வலிய 0லேர்ந்து 10க்குள்ள சொல்லுங்கன்னு கேக்கறதுதான் தெனமும் வேல. ராயபுரத்து பாட்டி ஒண்ணு "பத்துக்கு நூறு போட்டுக்கோ கண்ணு"ன்னுச்சு. பக்கத்து பெட்ல அன்னிக்குதான் ஆபரேஷன் ஆன பையன் நாலுங்கிறான். இவங்க ரெண்டு பேரையும் வச்சு யாருக்கு வலி ஜாஸ்தின்னு சொல்லவே முடியாது, ஆனா ஊசி போட்டப்புறம் அதே பாட்டி ஆறுன்னா கொறஞ்சிருக்குன்னு நம்பலாம். 8ன்னா 4ஓட டபுள் வலின்னும் கெடையாது, ஆர்டினல் அவ்ளோதான். டெம்பரேச்சர் அதுக்கு ஒரு படி மேல, டிகிரிக்கு டிகிரி இடைவெளி சமம், ஆனா 40 டிகிரி செல்சியஸ் 20ஓட டபுள் சூடு இல்ல, ஏன்னா அங்க 0ங்கறது தண்ணி ஒறையிற எடம்தானே, சூடே இல்லன்னு அர்த்தம் இல்ல. சுகர் 200ன்னா மட்டும் 100ஓட டபுளேதான், அதுல பேரம் பேச முடியாது.

துறைமுகத்தான்:
எல்லாம் சரி, நம்ம ஏரியாவே பாத்து வளந்த ஸ்கேல ஒருத்தரும் சொல்லலயே. புயல் எச்சரிக்கை கூண்டு! 1லேர்ந்து 11 வரைக்கும் இருக்கு, டீக்கடைல "அஞ்சு ஏத்திட்டாம்பா, ஆறு வந்தா இன்னும் மோசம்"னு பேசிப்பாங்க. ஆனா 5, 6, 7 மூணும் ஒரே அளவு ஆபத்துதான். துறைமுகத்த இடப்பக்கம் விட்டுட்டு புயல் கரையேறுனா 5, வலப்பக்கம் விட்டுட்டு போனா 6, நேரா மேலயோ ஒட்டியோ வந்தா 7. இதே மூணு கணக்கு கடும் புயலுக்கு 8, 9, 10. அப்ப 7லேர்ந்து 8க்கு போனா கூடுது, 5லேர்ந்து 6க்கு போனா தெச மட்டும் மாறுது. 11 இருக்கு பாரு, அது புயலோட பலமே இல்ல, வானிலை மையத்தோட தொடர்பு அறுந்துடுச்சுன்னு அர்த்தம். கொஞ்சம் ஆர்டினல், உள்ள நாமினல், கடைசில வேற ஏதோ. கட்டுமரத்துல போன எங்க தாத்தா நம்பரே கேக்க மாட்டாரு, "எந்தப் பக்கமா ஏறுது?"ன்னுதான் கேப்பாரு. நம்ம கெழக்குக் கரைல புயலோட வலப்பக்கம்தான் காத்து கடல கரைய பாத்து தள்ளும், அவருக்கு அது தெரியும்.

ஸ்டாட்ஸ் வாத்தி:
துறைமுகம் அண்ணே, இத நாளைக்கே க்ளாஸ்ல எடுத்துடுவேன். இந்த நாலு வகைய பிரிச்சது ஸ்டீவன்ஸ்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட், 1946ல சயின்ஸ் பத்திரிகைல. ஆர்டினலுக்கு ஆவரேஜ் போடறது முறையில்லன்னு சொன்ன அதே மனுஷன், போட்டா பல நேரம் உபயோகமா இருக்குன்னும் ஒத்துக்கிட்டாரு, அதனாலதான் "ரொம்ப சரி"லேர்ந்து "ரொம்ப தப்பு" வரைக்கும் டிக் பண்ற லிக்கர்ட் கேள்விக்கு ஆவரேஜ் போடலாமாங்கற சண்ட இன்னும் ஓயல. என் கட்சி என்னன்னா, ஒத்தக் கேள்விக்கு மீடியன் (வரிசையா அடுக்கினா நடுவுல வர்றது) போடு, பத்து கேள்விய சேத்து ஸ்கோர் பண்ணா ஆவரேஜ் போட்டுக்கோ, யாராச்சும் கேட்டா காரணம் சொல்லு. நாமினலுக்கு மட்டும் மன்னிப்பே கெடையாது. ஒரு பையன் எஸ்பிஎஸ்எஸ்ங்கற ஸ்டாட்ஸ் சாப்ட்வேர்ல பின்கோடுக்கும் ஆவரேஜ் எடுத்துட்டு வந்தான். ராயபுரம் 600013, பழைய வண்ணாரப்பேட்டை 600021, நடுவுல எவ்ளோ? 600017, தி.நகர்! மெஷின் கொஞ்சங்கூட கூச்சப்படாம குடுக்கும். எஸ்பிஎஸ்எஸ்ல "மெஷர்"ங்கற கட்டத்துல நாமினல், ஆர்டினல், ஸ்கேல்னு மூணுதான் இருக்கும், இன்டர்வெலும் ரேஷியோவும் "ஸ்கேல்"ல ஒண்ணாப் போயிடும், தேடிட்டு இருக்காதீங்க.

எண்ணூர்க்காரன்:
வாத்தியாரே, அந்த நாலுலயும் அடங்காத ஒண்ணு நான் வச்சிருக்கேன். என் தீசிஸ்ல டிபெண்டண்ட் வேரியபிள் (விளைவு) வீசிங், அதாவது மூச்சு இழுப்பு, இருக்கா இல்லயா, இண்டிபெண்டண்ட் (காரணம்னு நெனைக்கறது) அனல்மின் நிலைய சாம்பல் குட்டைலேர்ந்து வீடு எத்தன மீட்டர். பீடி, வெறகடுப்பு, வெல்டிங் வேல இதெல்லாம் கன்ஃபவுண்டர், அதாவது நடுவுல புகுந்து கணக்க கொழப்புற வேற காரணம், இத கேக்காம விட்டா குட்டை மேல போட வேண்டிய பழிய பீடி மேல போடுவாங்க, இல்ல பீடி பழி குட்டை மேல போகும். அதுவரைக்கும் தெளிவு. காத்து தெச டேட்டா வந்துச்சு, 0லேர்ந்து 360 டிகிரி. ஒரு மணி நேரம் 350, அடுத்த மணி நேரம் 10, ரெண்டுமே வடக்குக் காத்து. ஆவரேஜ் போட்டா 180, தெற்குக் காத்து! சாம்பல் எந்த தெரு மேல விழுந்துச்சுங்கறதே தலகீழாயிடும். 359க்கு அடுத்தது 0 வர்ற எடத்துல எது பெருசு எது சிறுசு? இதுக்கு சர்குலர் டேட்டான்னு தனியா ஒரு கணக்கே இருக்கு, ஒவ்வொரு கோணத்தோட சைனும் கோசைனும் தனித்தனியா ஆவரேஜ் பண்ணி திரும்ப கோணமா மாத்தணும்.

காசிமேட்டுப் பொண்ணு:
அண்ணா, அது எக்செல்லயே வருமா? எங்க லேப்ல எஸ்பிஎஸ்எஸ் ஒரே ஒரு சிஸ்டம்லதான் இருக்கு, அதுக்கும் க்யூ.

எண்ணூர்க்காரன்:
வரும்மா. ஆனா எக்செல்லுக்கு டிகிரி புரியாது, மொதல்ல ரேடியனா மாத்திக் குடுக்கணும். கடைசில திரும்ப டிகிரியா மாத்து, கோணம் மைனஸ்ல வந்தா 360 கூட்டிக்கோ.