ரெண்டாம் வகுப்புப் பையன்: நோட்டு முழுக்க ஸ்டார், படிக்கச் சொன்னால் முழிக்கிறான்

தறிவீட்டு அம்மா (சோமனூர் பக்கம்):

எல்லாருக்கும் வணக்கமுங்க. இவ்வளவு நாளாக இங்கே வந்து படித்துவிட்டுப் போவதோடு சரி, இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

மூத்தவனுக்கு 7 வயது முடிந்துவிட்டது. தனியார் பள்ளியில் ரெண்டாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். தமிழ் நோட்டை எடுத்துப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். அச்சடித்த மாதிரி எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ஸ்டார். ரிப்போர்ட் கார்டில் தமிழுக்கு ஏ ஒன். ஒறம்பரை, சொந்தக்காரர் யாராவது வந்தால் அந்த நோட்டை எடுத்துக் காட்டாமல் என் மாமனார் விடமாட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவிநாசிக்கு ஒரு விசேஷத்துக்குக் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, "அவிநாசி பஸ் வந்தால் போர்டைப் பார்த்துச் சொல்லு சாமி" என்றேன். சரி என்று தலையாட்டினான். ஒரு பஸ் வந்தது. இவன் போர்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அப்புறம் பக்கத்தில் நின்ற பெரியவரிடம் மெதுவாக, "ஏனுங்க, இது அவிநாசி போகுங்களா?" என்று கேட்டான். அவர் இல்லை என்றதும் என்னிடம் திரும்பி, "இது இல்லம்மா" என்றான், தானே படித்த மாதிரி. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றில் ஒரு மாதிரியும் ஆனது. அந்த போர்டில் பெரிசாக கருமத்தம்பட்டி என்று எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தேன். பாடத்தை ஒரு தப்பில்லாமல் கடகடவென்று சொன்னான். அப்புறம்தான் விரலைக் கவனித்தேன். விரல் வரியின் கடைசிக்குப் போய்விட்டது, வாய் இன்னும் பாதி வரியில் இருக்கிறது! படத்தைக் கையால் மூடி, நடுவில் இருந்த 'மேடை' என்ற சொல்லைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "மாடி" என்றான். 'பாடம்' என்பதை "பரடம்" என்றான். இவ்வளவு நாளும் அவன் எழுதியது எல்லாம் கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுகிற மாதிரிதான் போலிருக்கிறது.

பள்ளியில் போய்க் கேட்டேன். "நல்லாத்தானே எழுதறான், மார்க்கைப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர், "நான் அஞ்சாவதோட நின்னவன், தறியில பாவு ஓடலியா?" என்கிறார். இதில் இன்னொரு கூத்து: பொழுதோட அவனுக்குப் பாடம் சொல்லித் தருவது அவன் அப்பாரு, அதாவது என் மாமனார். அவர் பழைய காலத்து 'லை' எழுதுகிறார், யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைத்து. "அப்பாரு ஒரு லை எழுதறாரு, மிஸ் ஒரு லை எழுதறாங்க, எது நெசம்?" என்று இவன் கேட்கிறான்.

வீட்டோடு சேர்ந்து 6 தறி ஓடுகிறது. நாங்கள் பேசுவதே ஒருத்தருக்கொருத்தர் கேட்காது. இதில் எப்படிச் சொல்லித் தருவது? காலம் தாண்டிவிட்டதா? பள்ளியை மாற்றலாமா, டியூஷன் விடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல்லடத்துக்காரன்:

அக்கா, 7 வயசுதானே, தானாக வந்துவிடும், கவலைப்படாதீங்க. என் பொண்ணும் இப்படித்தான் இருந்தாள். மாசம் 600 ரூபாய்க்கு டியூஷன் விட்டோம். அங்கேயும் ஹோம் ஒர்க்கைப் பார்த்துத்தான் எழுத வைத்தார்கள் என்பது வேறு விஷயம். இப்போது நாலாம் வகுப்பு, ஓரளவு படிக்கிறாள்.

தாராபுரத்து டீச்சர் (ஓய்வு):

தம்பி சொல்கிற மாதிரி தானாக வராது. பேச்சு தானாக வரும், படிப்பு யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் வரும். ஆனால் காலம் தாண்டிப் போய்விடவும் இல்லை. 31 வருஷம் ஒன்றியப் பள்ளிகளில் ஒண்ணாப்பு, ரெண்டாப்புக்கே இருந்தவள் நான். உங்கள் பையன் மாதிரி வருஷத்துக்கு நாலு பேர் வருவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இப்படி ஆகும் கண்ணு. மக்குப் பிள்ளைக்கு இவ்வளவையும் மனப்பாடம் செய்து மறைக்கத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் பெரியவரிடம் கேட்டான் பாருங்கள், அந்தச் சாமர்த்தியம்தான் வகுப்பிலும் அவனைக் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறது.

முதலில் அவன் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். புத்தகத்தை மூடிவையுங்கள், அது அவனுக்கு மனப்பாடம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, பின்பக்கம் ஒரு அட்டைக்கு ஒரு எழுத்தாக எழுதுங்கள். ட, ப, ம இந்த மூன்றும் போதும் முதலில். ஒரு கோட்டை மடக்கினால் ட, இன்னொரு பக்கமும் தூக்கினால் ப, அதோடு ஒரு வளைவு சேர்த்தால் ம. அப்புறம் ட், ம். இந்த அஞ்சு அட்டையை வைத்தே படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். நடுநடுவே 'டபம்', 'மபட' என்று அர்த்தமில்லாததையும் அடுக்குங்கள். அதைப் படித்துவிட்டால்தான் எழுத்தைப் பார்த்துப் படிக்கிறான் என்று அர்த்தம். அதை மனப்பாடம் செய்து ஏமாற்ற முடியாது.

தமிழில் 247 எழுத்து என்று பயமுறுத்துவார்கள். 12 உயிர், 18 மெய், அப்புறம் குறிகள், அவ்வளவுதான் சூட்சுமம். பிள்ளைகள் முட்டிக்கொள்வது குறிகளில்தான். 'பாடம்' என்பதை "பரடம்" என்றான் என்று எழுதியிருக்கிறீர்கள். துணைக்காலை 'ர' என்று நினைக்கிறான், நூற்றில் பாதிப் பிள்ளை செய்கிற தப்பு. படம், பாடம், மடம், மாடம், பட்டு, பாட்டு என்று ஜோடி ஜோடியாகக் காட்டி வாயை இழுத்துச் சொல்ல வையுங்கள். துணைக்காலை ஒரு அட்டையில் தனியாக எழுதி, அவனே கொண்டுபோய் ஒட்ட வேண்டும்.

'மேடை' அதைவிட மோசமான சொல். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் சத்தமோ எழுத்துக்குப் பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக ஒழுங்காகப் படிக்கிற பிள்ளைக்கு அது முரணாகத்தான் படும். நான், "கொம்பைப் பார்த்தால் நில்லு, பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டுக்கொண்டு அப்புறம் போ" என்று சொல்லித் தருவேன். ொ, ோ இரண்டும் கடைசி. முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் மாட்டிக்கொண்ட எழுத்து. அதற்கு அவசரமே வேண்டாம். கு, சு, டு, து வடிவம் ஒன்றுக்கொன்று ஒட்டாது, அதைப் பழகித்தான் ஆகவேண்டும், குறுக்குவழி கிடையாது.

அப்பாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் எழுதுவது தப்பு இல்லை, பழசு. 1978-ல் அரசாணை போட்டு ணை, லை, ளை, னை, ணா, றா, னா என்று 13 எழுத்தின் வடிவத்தை மாற்றினார்கள். அதற்கு முன்னால் படித்தவர்கள் கைக்குத் தும்பிக்கைதான் வரும், என் அம்மாவுக்கும் கடைசி வரை அதுதான் வந்தது. இந்த மாற்றத்தை 1935-லேயே தன் பத்திரிகையில் அச்சடித்துக் காட்டியவர் நம் ஈரோட்டுப் பெரியார். பேரனிடம், "அப்பாருக்குப் புது லை தெரியாது, நீ சொல்லிக் கொடு" என்று விட்டுப் பாருங்கள். சொல்லித் தருகிறவன் இருமடங்கு கற்றுக்கொள்வான்.

இன்னொன்று. பார்த்து எழுதுவதை நிறுத்திவிட்டு, நீங்கள் சொல்ல அவன் எழுதட்டும், தினம் அஞ்சு சொல். கிணறு என்று சொல்லி "கெணறு" என்று எழுதினால் அடித்துத் திருத்தாதீர்கள். நம் வாயில் அது கெணறுதானே? காதில் கேட்ட சத்தத்துக்குச் சரியான எழுத்தைப் பிடித்திருக்கிறான், அதுவும் கொம்போடு! அந்தத் தப்பு வந்தால் எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுகிற அளவுக்குச் சந்தோஷப்படலாம்.

ரெண்டாப்பு டீச்சர் (திருப்பூர்):

டீச்சரம்மா சொன்னது எல்லாம் என் வகுப்பில் இன்றைக்கும் நடக்கிறதுதான். கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்து, பிள்ளைகள் எழுத்தை மறந்து வந்த சமயம், 2022 ஜூனில் அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தை ஆரம்பித்தார்கள். 8 வயதுக்குள் பொருள் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது இலக்கு. முதலில் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்கு, அடுத்த வருஷம் 4, 5-க்கும் வந்தது. அதில் பிள்ளைகளை எவ்வளவு தெரியும் என்பதைப் பார்த்து, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித் தருகிறோம். உங்கள் பையன் என் வகுப்புக்கு வந்தால், கையெழுத்தைப் பார்த்து மலர் என்று நினைப்பேன். வாயைத் திறக்க வைத்தால் அரும்பு. நானே இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன்.

என் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பாப்பா இருக்கிறாள், அப்பா அம்மா இருவரும் பனியன் கம்பெனி. வந்தபோது ஒரு தமிழ்ச் சொல் தெரியாது. பாட்டு, பாடம் எதையும் மனப்பாடமாகச் சொல்ல அவளுக்கு வழியே இல்லை, அதனால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் ஆகவேண்டும். இப்போது எதைக் கொடுத்தாலும் படித்துவிடுகிறாள். 'முறுக்கு' என்று சரியாகப் படித்துவிட்டு, "முறுக்குன்னா என்ன மிஸ்?" என்று கேட்டாள். உங்கள் பையன் அவளுக்கு நேர் எதிர். இவளுக்கு எழுத்து தெரியும், சொல் தெரியாது. அவனுக்குச் சொல் எல்லாம் தெரியும், எழுத்துதான் தெரியாது. அவனைத் தேற்றுவது சுலபம், நம்புங்கள்.

பள்ளியை மாற்றுவது உங்கள் இஷ்டம். நடு வருஷத்தில், இதற்காக மட்டும் என்றால், நான் மாற்றச் சொல்ல மாட்டேன். எங்கே போனாலும் முதலில் இதைச் சரி செய்தாக வேண்டும். படிக்கக் கொடுப்பது அவனுக்கு வேண்டிய விஷயமாக இருக்கட்டும். எங்களிடம் காலைச் சாப்பாடு போடும்போது அன்றைய பலகாரத்தைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல். மூக்கு சொல்லிவிடுகிறது என்பதால் சில நாள் வேண்டுமென்றே மாற்றி எழுதுவேன். "மிஸ் தப்பு! அது பொங்கல் இல்ல!" என்று கத்துகிறவன் படித்துவிட்டான் என்று கணக்கு.

நாமக்கல் கோழிப்பண்ணை:

தமிழை விட்டுக் கணக்குக்கு வருகிறேன், மன்னிக்கணும். நோட்டில் பார்த்து எழுதுகிறவன் வாய்ப்பாட்டையும் பாட்டாகத்தான் சொல்வான். அதையும் ஒருமுறை சோதித்துவிடுங்க. என் பையன் ஆறாம் வாய்ப்பாடு ஒப்பிப்பான், ஆறஞ்சு என்னடா என்று நடுவில் கேட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பான். ஒரு முட்டை அட்டையைக் கையில் கொடுத்தேன். 6 வரிசை, வரிசைக்கு 5, மொத்தம் 30. இரண்டு வரிசையை எடுத்துவிட்டு இப்போ எவ்வளவு என்றேன். எண்ணினான், மறுநாள் எண்ணாமலே சொன்னான். முட்டை உடைந்தால் அப்பன் கணக்கு.

தறிவீட்டு அம்மா (சோமனூர் பக்கம்):

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றிங்க.

டியூஷன் விடவில்லை. தங்கச்சி கல்யாணப் பத்திரிகை கட்டாக மிச்சம் கிடந்தது, அதை வெட்டினேன். முதல் வாரம் கரண்ட் கட் ஆன நாள் ஒன்று கிடைத்தது, தறி நின்றதும் ஊரே அமைதியாகிவிட்டது. வீட்டு ஆசாரத்தில், கூடத்தில் உட்கார்ந்து ட, ப, ம ஆரம்பித்தோம். மற்ற நாளெல்லாம் காலையில் தறி போடுவதற்கு முன்னால் கால் மணி நேரம்தான். 'டபம்' என்று அடுக்கினால் விழுந்து விழுந்து சிரிக்கிறான், அவனே 'மட்டப்பம்' என்று ஒன்று அடுக்கி, அது ஒரு பலகாரம் என்கிறான். துணைக்கால் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. கொம்புக்குப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. ஒருநாள் அவனுக்கும் அழுகை, எனக்கும் அழுகை, அட்டையை எடுத்து அட்டாளியில் போட்டுவிட்டேன். மறுநாள் அவனே ஸ்டூல் போட்டு ஏறி எடுத்து வந்தான்.

அப்பாருக்கு இப்போது தினம் வீட்டுப்பாடம். பேரன் புது 'லை' பத்து முறை எழுதச் சொல்லி, சிவப்புப் பேனாவில் ஸ்டார் போடுகிறான். அவருக்கு நாலாவதில் மறுபடியும் தும்பிக்கை வந்துவிடுகிறது.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில், "கரு... மத்... தம்... பட்டி" என்று கூட்டினான். 'பட்டி' வந்ததும் ஒரே குஷி, அது நம்ம அட்டையில் இருந்ததாம். அவன் முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. பரவாயில்லை, நாங்கள் போக வேண்டிய பஸ் அது இல்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன் டீச்சர். நேற்று மத்தியானம் தறியில் இருந்தேன். பின்னால் நின்று ஏதோ கத்திக்கொண்டு இருந்திருக்கிறான், சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. நூல் கண்டு மாற்றத் திரும்பினால், காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பென்சிலில் எழுதியிருந்தது:

அம்மா தறிய நிறுத்து எளநி வேணு

யாரையும் பார்த்து எழுதவில்லை, வீட்டில் அப்போது யாரும் இல்லை. 'இளநீர்', 'வேண்டும்' என்று திருத்திச் சொல்லித் தரலாமா, இல்லை இப்படியே விடட்டுமா?

தாராபுரத்து டீச்சர் (ஓய்வு):

திருத்த வேண்டாம் கண்ணு. முதலில் எளநி வாங்கிக் கொடு.