புதுப்பிப்பு: 8 மி.மீ. போரிங் பார் அதிர்வு நின்றுவிட்டது

வீட்டு லேத்தில் (கடைசல் இயந்திரம்), மைல்ட் ஸ்டீல் துண்டில் இருந்த 14 மி.மீ. துளையை 16 மி.மீ.க்குப் பெரிதாக்கும்போது போரிங் பார் (துளைக்குள் நுழைந்து சுவரைச் சீவும் கருவித் தண்டு) கத்துகிறது, சுவரில் அலை விழுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

துளை ஆழம் 38 மி.மீ.தான், பாரையோ பிடிப்பானிலிருந்து 56 மி.மீ. வெளியே நீட்டியிருந்தேன். அதுதான் முதல் தவறு. 40 மி.மீ.க்குக் குறைத்தேன். பாரின் வளைவு நீளத்தின் மும்மடிப்படி (நீளம் × நீளம் × நீளம்) கூடும் என்று ஒருவர் எழுதியது சரிதான்: பார் ஏறக்குறைய 2.7 மடங்கு விறைப்பானது. சத்தம் பாதியானது, ஆனால் நிற்கவில்லை.

முழுதாக நிறுத்தியது இன்சர்ட்டை (பார் முனையில் பொருத்தும் வெட்டு வில்லை) மாற்றச் சொன்ன யோசனை. நுனி ஆரம் 0.4 மி.மீ.க்குப் பதில் 0.2 மி.மீ. போட்டேன். பார் பக்கவாட்டில் தள்ளப்படுவது குறைந்து, கத்தல் அடங்கியது. இன்னும் விறைப்பான கார்பைடு பார் வாங்க வேண்டியிருக்கவில்லை.

நான் எதிர்பாராதது ஒன்று. பயந்து பயந்து 0.05 மி.மீ. மட்டும் சீவியபோது நுனி வெட்டாமல் தேய்த்தது; சுவர் மங்கலாக, கீறலாக வந்தது. துணிந்து 0.2 மி.மீ. கொடுத்ததும் சீவல் சிறு சுருள்களாக உடைந்து விழுந்தது, சுவரில் விளக்கு வெளிச்சம் ஒரே கோடாகத் தெரிந்தது. ஆகவே கடைசி வெட்டுக்கும் போதுமான உலோகத்தை மிச்சம் வையுங்கள்.

வெட்டுக்கு வெட்டு லேத்தை நிறுத்தி, துளைக்குள் அடைந்த சீவலைப் பிரஷால் எடுத்துவிடுங்கள். 10 மி.மீ. பாரையும் முயன்றேன், விறைப்பு அருமை, ஆனால் 14 மி.மீ. துளையில் சீவல் வெளியேற இடமில்லாமல் சுவரைக் கீறியது.