மறு: மறு: பிளாக் காமெடிக்குத் தமிழ்ல என்ன? "கொடுநகைச்சுவை"ன்னு வைக்கலாமா

வணக்கம் எல்லாருக்கும்,

இழை ரொம்ப நீளமாயிடுச்சு, பிளாக் காமெடிக்கு, அதாவது சாவு, கொலை மாதிரி கொடுமையான விஷயத்தை வச்சுச் சிரிக்க வைக்கிற காமெடிக்கு, இதுவரைக்கும் கருப்பு நகைச்சுவை, அவல நகைச்சுவை, இருட்பகிடின்னு மூணு சொல்லு வந்திருக்கு, ஆனா எல்லாரும் பொதுவாவே பேசிக்கிட்டு இருக்கோம். ஒரு படத்தை எடுத்து அதுமேல ஒவ்வொரு சொல்லையும் வச்சுப் பாத்தா எது ஒட்டுது எது ஒட்டலன்னு தெரிஞ்சிடும்.

நான் எடுத்துக்கறது 2011ல வந்த ஹாரிபிள் பாசஸ்ங்கற ஹாலிவுட் படம், சேத் கார்டன் இயக்குனது. மூணு நண்பர்கள், மூணு பாஸ். நிக்கோட பாஸ் ஹார்க்கன் (கெவின் ஸ்பேஸி) பதவி உயர்வு வரும் வரும்னு ஆசை காட்டி மாடு மாதிரி வேலை வாங்கிட்டு கடைசியில அந்தப் பதவியைத் தானே எடுத்துக்கறான், அவன் ஆபீஸ்லயே உக்கார வச்சதால சாகக் கிடந்த பாட்டியைக்கூட நிக்கால போய்ப் பாக்க முடியல. கர்ட் வேலை பாக்குற கெமிக்கல் கம்பெனில நல்ல முதலாளி மாரடைப்புல போயிட, கொக்கெய்ன் அடிக்கிற மகன் அந்த நாற்காலில உக்காந்து குண்டா இருக்கறவங்களை வேலையை விட்டுத் தூக்குங்கறான். டேல் ஒரு பல் டாக்டர்கிட்ட உதவியாளன், அந்த டாக்டரம்மா (ஜெனிஃபர் அனிஸ்டன்) அவனுக்குக் கொடுக்குறது அப்பட்டமான பாலியல் தொல்லை. மூணு பேரும் சேர்ந்து மூணு பாஸையும் தீர்த்துக்கட்டிடலாம்னு கிளம்பறாங்க.

வேலையை விட்டுட்டுப் போக வேண்டியதுதானேன்னு கேட்டா, படம் ஒரே சீன்ல பதில் சொல்லிடுது. யேல் பல்கலைக்கழகத்துல படிச்சு லேமன் பிரதர்ஸ்ங்கற முதலீட்டு வங்கில இருந்த பழைய ஸ்கூல் நண்பன் ஒருத்தன் பார்ல வந்து நிக்கறான், காசுக்காக என்ன வேணா செய்யற நிலைமை அவனுக்கு. 2008 செப்டம்பர்ல லேமன் விழுந்துச்சு, இந்தப் படம் வந்த 2011 ஜூலைல அமெரிக்காவுல வேலையில்லாதவங்க விகிதம் 9 சதவீதம். அந்தப் பயம் இல்லன்னா இந்தக் கதையே நிக்காது. பயம்ங்கறதை மனசுல வச்சுக்கோங்க, கீழ அதுக்கு வர்றேன்.

> கருப்பு நகைச்சுவைன்னே வச்சிடலாம், உலகம் பூரா அப்படித்தான் சொல்றாங்க

ஐயா, உலகம் பூரா சொல்றது பிரெஞ்சுலேர்ந்து வந்தது. ஆந்த்ரே பிரெத்தோன்ங்கற பிரெஞ்சு எழுத்தாளர் 1940ல போட்ட நகைச்சுவைத் தொகுப்புக்குக் கருப்புங்கற நிறத்தைப் பேர்ல வச்சாரு, கலிவரின் பயணங்கள் எழுதுன ஸ்விஃப்டைத்தான் அதுக்கு மூலவர்னு சொன்னாரு, அப்படியே எல்லா மொழிக்கும் பரவிடுச்சு. நம்ம பேச்சுல கருப்புப் பணம், கருப்புச் சந்தைன்னா திருட்டுத்தனமானதுன்னு அர்த்தம், அந்த வரிசைல கருப்பு நகைச்சுவைன்னு போட்டா புதுசா படிக்கறவங்க சென்சாருக்குத் தெரியாம ஓட்டுற காமெடின்னுதான் நினைப்பாங்க. அதோட, கொடுமையானதுக்கெல்லாம் கருப்புன்னு பேர் வைக்கிற பழக்கத்தை நாமளே ஒரு கலைச்சொல்லா ஆக்கி நிரந்தரமாக்கறதுல எனக்குத் துளியும் சம்மதம் இல்ல.

> அவல நகைச்சுவை ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு

இருக்கு, மறுக்கல. ஆனா அவலம்னா நெஞ்சு கனக்கணும். கண்ணுல தண்ணி நிக்க நிக்க சிரிக்க வைக்கிற படங்களுக்கு அது ரொம்பப் பொருத்தம், டிராஜிகாமெடிக்கு அதை ஒதுக்கி வைக்கலாம். ஹாரிபிள் பாசஸ்ல எந்த பாஸ் செத்தாலும் நமக்குக் கண் கலங்கப் போறதில்ல. இரண்டுக்கும் ஒரே சொல்லுன்னா மொழிபெயர்க்கறவங்க மாட்டிக்குவாங்க.

> எங்கட ஊரிலை பகிடி எண்டு தானே சொல்லுறம், இருட்பகிடி எண்டு போட்டால் என்ன?

அக்கா, ஜோக்குக்குப் பகிடி அருமையான சொல்லு, வாயில வச்சாலே சிரிப்பு வருது. ஆனா பகிடிங்கறது ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட விடுறது, இங்க வேணும்ங்கறது முழுப் படத்துக்கான வகைப்பேரு. இருளும் என்ன நடக்குதுன்னு சொல்லல, லைட் இல்லங்கறதை மட்டும்தான் சொல்லுது.

இப்ப என் முன்மொழிவு. உணர்ச்சிகளை வகைப்படுத்துற தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல்ல நகை, அதாவது சிரிப்பு, பிறக்கற இடம் நாலு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அச்சம் பிறக்கற இடமும் நாலு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அந்தக் கடைசி ஒண்ணைப் பாருங்க, தன்னை ஆள்றவன்! வெகுளிக்கு, அதாவது கோபத்துக்கு, உறுப்பறை (உறுப்பை வெட்டறது), குடிகோள் (குடியைக் கெடுக்கறது), அலை (அலைக்கழிக்கறது), கொலை. அதாவது இந்தப் படத்துக்கு வேண்டிய சரக்கு பூரா அச்சத்துலயும் வெகுளிலயும் கிடக்கு, நகைப் பட்டியல்ல இல்லவே இல்ல. இறைக்குப் பயப்படறாங்க, அவன் அலைக்கழிக்கறான், இவங்க கொலைக்குப் போறாங்க. அப்படியிருந்தும் நாம சிரிக்கறோம்னா சிரிப்பு அது பிறக்க வேண்டிய இடத்துல பிறக்காம வளைஞ்சு வேற இடத்துலேர்ந்து வருதுன்னுதானே ஆகுது. வளைஞ்சதுக்குத் தமிழ்ல "கொடு". நேரா நிக்கறது செங்கோல், வளைஞ்சது கொடுங்கோல். வளைவும் கொடுமையும் ஒரே வேர்ல கிடைக்குது, இதைவிட நமக்கு என்ன வேணும், அதனால கொடுநகைச்சுவை. கொடுங்கோன்மை அதிகாரத்தோட முதல் குறளே (551) கொலையைத் தொழிலா வச்சிருக்கறவனைவிட குடிகளை அலைக்கழிக்கிற வேந்தன் கொடியவன்னு சொல்லுது, ஹார்க்கனுக்கு இது அப்படியே பொருந்துது.

"கொடு நகை"ன்னு படிச்சு நகையைக் கேக்கறாங்கன்னு நினைச்சுக்குவாங்கன்னு ஒருத்தர் போன மடல்லயே எச்சரிச்சிருந்தாரு. அதனாலதான் சுவையை வெட்டாம ஒரே சொல்லா சேர்த்து எழுதணும்கறேன். கொடுநோய்னு எழுதுனா யாரும் நோயைக் கொடுன்னு படிக்கறதில்லையே.

எல்லா ஆபீஸ் காமெடியும் இதுல வராது, எல்லையையும் சொல்லிடறேன். 1980ல வந்த நைன் டு ஃபைவ் பாருங்க, ஜேன் ஃபோண்டா, லில்லி டாம்லின், டாலி பார்ட்டன். எலி மருந்து கலந்த காபி, தப்பான பிணத்தைத் தூக்கிட்டு ஓடறதுன்னு கொடுநகைச்சுவை நெறைய வருது. ஆனா பாஸைக் கட்டிப் போட்டுட்டு அந்தப் பொண்ணுங்க ஆபீஸையே மாத்தறாங்க, வேலை நேரத்தைத் தளர்த்தறாங்க, குழந்தைங்களுக்குக் காப்பகம் வைக்கறாங்க. பாஸ்டன்ல ஆபீஸ் பெண்கள் 1973ல ஆரம்பிச்ச சங்கத்தோட பேரும் அதுதான். அதை நான் பணியிட அங்கதம்னு சொல்வேன். 2011ல மூணு ஆம்பளைங்களுக்குச் சங்கம்னு ஒண்ணு தோணவே இல்ல, கொலைதான் தோணுது, படத்தோட உண்மையான இருட்டு அங்கதான் இருக்கு.

டேல் கதைல படம் சறுக்குது. அவன் படுற தொல்லையைக் கேட்டு நண்பர்களே உனக்கென்ன குறைச்சல்ங்கற மாதிரி பேசறாங்க, படமும் அவங்க பக்கம் சாயுது. கொடுமையைக் கொடுமைன்னு தெரிஞ்சே சிரிக்கறதுதான் கொடுநகைச்சுவை, தெரியாமலே சிரிச்சா அது வெறும் எள்ளல். விளக்கக் குறிப்புல இந்த வேறுபாடு கட்டாயம் வரணும்.

மறந்துடக் கூடாத ஆள் இன்னொருத்தர். கார்ல வழி சொல்ற சேவைல கிரெகரின்னு ஒரு குரல் வரும், அவர் நிஜப் பேரு ஆத்மானந்த், கால் சென்டர் வேலைக்காகப் பேரை மாத்திக்கிட்ட இந்தியர். கம்பெனி விதிப்படி எல்லாப் பேச்சையும் பதிவு பண்றதாலதான் ஹார்க்கன் மாட்டறான். மூணு பேரும் அவர் பேரை வாயில நுழையலன்னு மறுபடி கிரெகரின்னே கூப்பிடறாங்க, தங்களுக்கு நடந்ததை இன்னொருத்தருக்குச் செய்யறோம்னு அவங்களுக்கு உறைக்கவே இல்ல. படத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

நம்ம கலைச்சொல் பட்டியலுக்கு நான் எழுதி வச்சிருக்கறது:

கொடுநகைச்சுவை – அச்சமோ சினமோ எழ வேண்டிய கொடுமையை, அது கொடுமை என்று அறிந்தே சிரிப்புக்கு உரியதாக்கும் நகைச்சுவை வகை. கிளை: பணியிடக் கொடுநகைச்சுவை.

பாஸுக்கு என்ன போடறதுன்னு இன்னும் முடிவாகல. மேலாளர்னா கர்ட்டோட ஆள் வரமாட்டான், முதலாளின்னா ஹார்க்கன் வரமாட்டான், மேலதிகாரின்னா கவர்மெண்ட் ஆபீஸ் வாடை அடிக்குது. அதுவரைக்கும் "பாஸ்"னே விட்டுடலாம்னு நினைக்கறேன், ஞாயித்துக்கிழமைக்குள்ள உங்க கருத்தைப் போடுங்க.