கூறைச் சாறிக் கடைக்கு என்ன எழுதுவது? போட்டிக் கடைகளில் எதைப் பார்ப்பது?

கேள்வி:
வெள்ளவத்தையில் கூறைச் சாறி விற்று, பிளவுசும் தைச்சுக் குடுக்கிற சின்னக் கடை. வெப்சைட்டும் பேஸ்புக் பக்கமும் இருக்கு. காலி வீதியில் உள்ள 5 கடைகளின் பதிவுகள், லைக் எண்ணிக்கை எல்லாம் ஒரு மாதமா எக்செல்லில் குறிச்சு வச்சிருக்கிறம். இதை வச்சு அடுத்த 3 மாதத்துக்கு என்ன எழுதலாம் எண்டு எப்படி முடிவெடுக்கிறது?

பதில் 1:
லைக் நிரலை அழிச்சுவிடுங்கோ. காசு குடுத்து பூஸ்ட் செய்த பதிவையும் தானா ஓடின பதிவையும் லைக்கை வச்சுப் பிரிக்க ஏலாது. கொமென்டுகளைப் படியுங்கோ. "விலை என்ன?", "எத்தனை நாளில தைப்பீங்கள்?" எண்ட கேள்விக்கு "இன்பொக்ஸ் பண்ணுங்கோ" எண்டு மட்டும் பதில் இருந்தால், நீங்கள் எழுத வேண்டியது அங்கதான் இருக்கு.

கூகுளில் உங்கட போட்டி பக்கத்துக் கடை இல்லை, அதே கேள்விக்கு மேல வாற பக்கங்கள்தான். உங்கட வட்ஸ்அப்பில் வந்த கேள்விகளில் 20 எடுங்கோ. ஒவ்வொன்றையும் தமிழ் எழுத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக, முழு ஆங்கிலத்தில் எண்டு மூன்று விதமாத் தேடுங்கோ. மேல வாற 5 முடிவுகளையும் குறியுங்கோ: ஆர் எழுதினது, கட்டுரையா வீடியோவா, விலை இருக்கா, எது விடுபட்டிருக்கு. இந்தியக் கடையின் பக்கம் முதலில் நிண்டால் இந்திய ரூபாய்க் கணக்கும் தையல் நாளும் எங்கட ஆக்களுக்குப் பொருந்தாது. அந்தக் கேள்வியை முதல் எழுதுங்கோ.

பதில் 2:
மேலே சொன்னது சரி. விளம்பரத்தையும் பாருங்கோ. பேஸ்புக்கை நடத்துற மெட்டாவின் விளம்பர நூலகம் (Ad Library) இலவசம். நாடு இலங்கை எண்டு போட்டு கடைப் பெயரைத் தேடினால் இப்ப ஓடுற விளம்பரமும் அது தொடங்கின திகதியும் தெரியும். 2 மாதத்துக்கு மேல ஓடுறது பெரும்பாலும் விற்பனை தாறது. ஆனால் நிப்பாட்ட மறந்ததாகவும் இருக்கலாம், அதால ஒரு குறிப்பா மட்டும் எடுங்கோ.

ஒரு சொல்லை மாதம் எத்தனை தரம் தேடீனம் எண்டு காட்டுற கூகுள் கீவேர்ட் பிளானரில் விளம்பரச் செலவு இல்லாத கணக்குக்கு 100 முதல் 1,000 வரை எண்ட மாதிரி அகன்ற வீச்சுத்தான் வரும். தமிழ்ச் சொல்லுக்கு எண்ணே வராமலும் போகும். அதுக்காக ஒருத்தரும் தேடேல்லை எண்டு விட்டுடாதேங்கோ.

கேட்டவர்:
விலை போட்டால் மற்றக் கடை குறைச்சு விக்குமே?

பதில் 1:
ஒற்றை விலை வேண்டாம். பிளவுசுக்கு ஆகக் குறைஞ்சது இவ்வளவு, லைனிங், கைவேலை, அவசரத் தையல் எண்டால் எவ்வளவு கூடும் எண்டு எழுதுங்கோ. வாறவை ஏன் கூடுது எண்டு விளங்கித்தான் கேப்பினம்.

காலத்தையும் கவனியுங்கோ. ஆடியில் கலியாணம் குறைவு, ஆவணி ஆகஸ்ட் நடுவில் பிறக்கும். புதுப் பக்கம் கூகுளில் மேல வரக் கிழமைக் கணக்கில் எடுக்கும். அதால ஆவணிக்கான கட்டுரை ஜூன் முதலே ஏறவேணும். 3 மாதத்துக்கு 6 கட்டுரை போதும். 8 கிழமையால சேர்ச் கொன்சோலில் (உங்கட வெப்சைட் கூகுள் தேடலில் எப்படி வருது எண்டு காட்டுற கூகுளின் இலவசக் கருவி) பாருங்கோ: காட்சி (தேடல் முடிவில் பக்கம் தெரிஞ்ச தடவை) கூடி கிளிக் குறைஞ்ச பக்கத்துக்குத் தலைப்பை மட்டும் மாத்துங்கோ, காட்சியே இல்லாத பக்கத்துக்குக் கேள்வியையே மாத்துங்கோ.